ஊர்ப் பணமும் ஊரார் ஜீவனமும்

தமிழ்நாட்டுச் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெள்ளாறு என்பது ஒரு போர்க்களத்தின் பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் இங்கே பாண்டியனை வென்று, 'தெள்ளாறெறிந்த' என்னும் அடைமொழியைத் தன் பெயரோடு நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டான். ஆனால் இன்று, திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசிக்கு அண்மையில் உள்ள தெள்ளார் என்றால், சுற்றுப்புறத்துக் கிராம ஜனங்களின் நினைவுக்கு முதலில் வருவது ஊராட்சி ஒன்றிய அலுவலகந்தான். வீடு கட்டிக்கொள்ள மானியம் கேட்பவரும், செய்த வேலைக்குக் கூலி வந்து சேரவில்லையே என்று விசாரிப்பவரும், மகளிர் குழுவின் கணக்கேட்டைக் கையில் பிடித்திருப்பவரும் வந்து நிற்கும் இடம் அது. ஏரி நிரம்பினால் நெல்லும் மணிலாவும் விளையும், நிரம்பாவிட்டால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பிழைக்கப் போகவேண்டியதாகும் என்ற நிலையில் உள்ள இந்தப் பிரதேசத்தில், தரித்திரத்தைப் போக்கக் கிராமத்துக்கு வரும் பணம் எங்கிருந்து வருகிறது, அதை எதற்குச் செலவிடுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு பிரஜைக்கும் அவசியமாகும்.

ஊர்ப் பணத்தை ஊரே நிர்வகிப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. இங்கிருந்து வெகுதூரமில்லாத உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921ஆம் வருஷங்களில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள், குடவோலை முறையில் வாரியங்கள் அமைத்த விதத்தை விவரிக்கின்றன. ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியமும், பொன்னைப் பரிசோதிக்கப் பொன் வாரியமும் இருந்தன. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல், அவருடைய நெருங்கிய உறவினரும்கூட மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது. ஆயினும் அந்த வாரியங்களில் இடம்பெற வரி செலுத்தும் நிலம் பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வேண்டியிருந்தது. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. கணக்கில் அத்தனை கண்டிப்பாயிருந்த ஒரு ஸ்தாபனம், ஏழையைத் தன் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

அந்த வாசலைத் திறந்துவிட்டது நம் காலத்துச் சட்டம். அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு ஏற்பட்டது. பெண்களின் பங்கு தமிழ்நாட்டில் 2016இல் பாதியாக உயர்ந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று சாசனத்தின் பதினோராவது அட்டவணை கூறும் 29 விஷயங்களுள் வறுமை ஒழிப்பும் ஒன்று, குடிசைத் தொழிலும் ஒன்று.

பணம் மூன்று வழிகளில் வருகிறது. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் என்று ஊரே வசூலிப்பது முதல் வழி. மாநில அரசு தன் சொந்த வரி வருமானத்தில், மாநில நிதிக்குழுவின் சிபாரிசுப்படி, நூற்றுக்குப் பத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து தருவது இரண்டாவது. மத்திய நிதிக்குழுவின் மானியம் மூன்றாவது. இந்த மூன்றாவதில், 2021 முதல் 2026 வரைக்குரிய மானியத்தில், நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே என்று முன்கூட்டியே விதிக்கப்பட்டது; எஞ்சிய 40 பங்கே ஊரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

மேலிருந்து நிர்ணயித்து வரும் பணத்தை நான் குறை கூறவில்லை. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாவட்டங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. ஏரியையும் வரத்துக் கால்வாயையும் தூர் வாரிய ஏழைப் பெண்களின் கைக்கு, கோடையில், ஆணுக்குச் சமமான கூலி வந்தது என்பது அற்ப விஷயமன்று. ஆனால் கூலி பசியைத் தள்ளி வைக்கும். ஒரு குடும்பம் தன் காலில் நிற்பதற்கு, அதன் தொழிலை எது தடுக்கிறது என்று அறிந்து அந்தத் தடையை நீக்குவோர் வேண்டும்.

ஆரணியைச் சுற்றியுள்ள பட்டு நெசவுக் கிராமங்களை உதாரணமாகக் கொள்ளுங்கள். நெசவாளருக்குக் கூலி நாள் கணக்கில் இல்லை, நெய்து முடித்த சேலைக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் வடியாமல் நின்றால் குழித்தறியில் ஈரம் ஊறும். கால் மிதிக்கும் குழியில் நீர் சுரக்கும். தெருவில் பாவு நீட்ட இடமிராது. தறி ஓய்ந்து, தீபாவளிக்கு வாங்கிய கடன் வட்டியோடு வளரும். அந்தத் தெருவுக்கு ஒரு வடிகால் கட்டினால், மழைக்காலத்தில் தறி ஓடும் நாட்கள் கூடும். எந்தத் திட்டப் புத்தகத்திலும் வடிகால் வறுமை ஒழிப்பு என்ற தலைப்பின்கீழ் வராது. எனினும் அந்தத் தெருவில் அதைவிடச் சிறந்த வறுமை ஒழிப்பு வேறில்லை. இதை அறிந்தவர் அந்தத் தெருவில் வாழ்கிறவரே. அதனால்தான், ஊர் தானே தீர்மானித்துச் செலவிடும் ஒரு ரூபாய், தீர்மானித்து அனுப்பப்பட்ட பத்து ரூபாயைவிடச் சில சமயங்களில் அதிகப் பலனளிக்கிறது. 1934இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய தமிழர் ஜே.சி. குமரப்பா ஆயுள் முழுவதும் வற்புறுத்தியதும், கிராமத்தின் பொருளாதாரம் கிராமத்தாரின் தேவையிலிருந்தே எழவேண்டும் என்பதைத்தான்.

இதற்கு வழி இல்லாமலில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தத்தம் ஊரின் ஏழைக் குடும்பங்களைக் கணக்கெடுத்து வறுமை ஒழிப்புத் திட்டம் வகுக்கவும், அதை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தோடு இணைக்கவும் ஏற்பாடு உண்டு. கோரைப்பாய் முடைகிற பெண்ணுக்குக் கடன் வேண்டுமா, சரக்கு வைக்க இடம் வேண்டுமா என்பது அங்கேதான் தெளிவாகும். அதை அங்கீகரிக்க வேண்டியது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்தில் ஆறு நாட்கள் அது கூடுகிறது.

தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதையும் கண்டோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில் பெரும்பாலான மாவட்டங்களில் கிராமப்புறத் தேர்தல் நடக்கும் வரை தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள்; அந்தக் காலத்தில் மத்திய நிதிக்குழு மானியம் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்குக் கிடைக்காமல் நின்றது. வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் வடிகாலுக்கும் பணமில்லை என்று ஆயிற்று.

வீட்டு வரியை ஒரு தொல்லையாகக் கருதுவோர் பலர். 1958ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தின்கீழ், ஊர் வசூலித்த வீட்டு வரிக்கு ஈடாக அரசும் மானியம் அளித்துவந்தது. தானாக முயலும் ஊருக்கே துணை சேரும் என்ற நல்ல தத்துவம் அதில் இருந்தது. வீட்டு வரி செலுத்திய சிறிய ரசீதைக் கையில் வைத்திருப்பவர், கிராம சபையில் எழுந்து, எங்கள் தெருத் தண்ணீர் ஏன் இன்னும் வடியவில்லை என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. வரி செலுத்த வகையற்ற குடிசைவாசியும் தயங்க வேண்டியதில்லை. உத்தரமேரூர் சபை கேட்ட கால் வேலி நிலத்தை இன்று எவரும் கேட்பதில்லை.