சீட்டில் இருக்கும் எண்

மருத்துவரிடம் போகிறோம். மருந்துச் சீட்டு வாங்கி வருகிறோம். அந்தச் சீட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். மருத்துவரின் பெயர் இருக்கும். அவர் படித்த படிப்பு இருக்கும். கூடவே ஓர் எண் இருக்க வேண்டும். அது தொலைபேசி எண் அல்ல. பதிவு எண்.

அது என்ன பதிவு எண்?

மருத்துவம் படித்துத் தேறினால் மட்டும் போதாது. மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கவுன்சில் சான்றிதழ்களைச் சரி பார்த்து எண் கொடுக்கும். அதன் பிறகுதான் வைத்தியம் பார்க்கலாம். செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் தனிக் கவுன்சில்கள் உண்டு. செவிலியருக்காக 1947-இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. மருந்தாளுநருக்கு 1948-இல் வந்தது. ரத்தப் பரிசோதனை செய்பவர் போன்றவர்களுக்கு 2021-இல்தான் வந்தது.

எண் இல்லாதவரிடம் போனால் என்ன ஆகும்?

ஓர் ஊரில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தாய் பக்கத்துத் தெரு 'டாக்டரிடம்' தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் முன்பு ஒரு மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்தவர். ஊசி போட்டார். "தண்ணீர் கொடுக்காதே" என்றார். மாலையில் குழந்தையின் கண்கள் உள்ளே போய்விட்டன. நாக்கு வறண்டுவிட்டது. பாட்டி பயந்துபோய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப் போனாள். அங்கே செவிலியர் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். இரவில் குழந்தை சிறுநீர் கழித்தது. அதன் பிறகுதான் தாய்க்கு உயிர் வந்தது.

சில மாநிலங்களில் இப்படிப்பட்டவர்களை ஊர் மக்கள் 'ஆர்.எம்.பி.' என்பார்கள். அதற்குச் சரியான பொருள் 'பதிவு பெற்ற மருத்துவர்' என்பது. பதிவே இல்லாதவருக்கு அந்தப் பெயர்! 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை. அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

அந்தச் செவிலியர் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுத்தார். 14 நாள் தர வேண்டும் என்றார். பேதி நின்றாலும் நிறுத்தக் கூடாது என்றார். அவர் படித்த காலத்தில் பாடப் புத்தகத்தில் இந்த மாத்திரை இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல்தான் இதைச் சொன்னார்கள். செவிலியர் பின்னால் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டார்.

வைத்தியம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே படிப்பும் நிற்கக் கூடாது. மருத்துவர்கள் 5 ஆண்டில் 30 மணி நேரமாவது புதிய பாடம் கேட்க வேண்டும் என்று 2002-இல் விதி வந்தது. ஆண்டுக்கு 6 மணி நேரம்தான். இது குறைவு. அதிலும் தலையைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பல மாநிலங்களில் செவிலியர்கள் 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

பதிவு பெற்றவரும் தவறு செய்யலாம். அப்போது மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். கவுன்சில் இரு தரப்பையும் விசாரிக்கும். தவறு உறுதியானால் எச்சரிக்கும். பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கவும் முடியும். புகாருக்குச் சீட்டும் ரசீதும் வேண்டும். அவற்றைப் பத்திரமாக வையுங்கள். மருத்துவமனையில் இருக்கும் உங்கள் சிகிச்சைக் குறிப்புகளையும் கேட்டு வாங்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

பதிவு எண்ணைச் சீட்டிலும் ரசீதிலும் போட வேண்டும். மருத்துவர் அமர்ந்திருக்கும் இடத்திலும் எழுதி வைக்க வேண்டும். இதுவும் 2002-ஆம் ஆண்டு விதிதான். எண்ணைக் காணவில்லையா? "ஐயா, உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள்.