படம் கிடைத்தது, தோழியைக் காணவில்லை

அன்று கடலுக்கடியில் நான் எடுத்த படங்கள் 46. அவற்றில் ஒன்றுதான் தெளிவாக விழுந்தது. அதை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய என் தோழியைக் காணவில்லை.

பல்கலைக்கழக விடுமுறையில் நண்பர்கள் நால்வர் புலாவ் ஹந்துவுக்கு முக்குளிக்கச் சென்றிருந்தோம். சென்ற ஆண்டு தியோமான் தீவில்தான் நாங்கள் அடிப்படைப் பயிற்சி பெற்றோம். அங்கே தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. சிங்கப்பூர்க் கடலுக்குள் இறங்குவது எங்களுக்கு இதுவே முதல் முறை. "அந்தக் கலங்கல் தண்ணியில என்னடி தெரியப் போகுது?" என்று அம்மா கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

'ஹந்து' என்றால் மலாயில் பேய். ஆனால் படகிலிருந்து பார்த்தால் பயமுறுத்த அங்கே எதுவும் இல்லை. ஒருபக்கம் மரங்கள் அடர்ந்த சிறு தீவு, எதிர்ப்பக்கம் புலாவ் புக்கோம் எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பவளத்திட்டு இருக்கிறது என்று சொன்னால் நம்புவது கடினம். ஆனால் சிங்கப்பூர்க் கடலில் ஏறக்குறைய 250 வகைக் கடினப் பவளங்கள் வாழ்கின்றன. உலகிலுள்ள வகைகளில் இது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

தண்ணீர் கலங்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. நில மீட்பு, கடலடி தூர்வாருதல், ஓயாத கப்பல் போக்குவரத்து ஆகியவற்றால் மண்துகள்கள் மிதந்துகொண்டே இருக்கின்றன. வெயில் ஆழத்திற்கு இறங்காததால், பவளங்கள் பெரும்பாலும் மேல்மட்டத்தில் சில மீட்டருக்குள்ளேயே வளர்கின்றன.

இறங்குவதற்குமுன் வழிகாட்டி விதிகளை நினைவூட்டினார். இன்று இரண்டு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. இருவர் இருவராகத்தான் செல்ல வேண்டும். இணையைத் தவறவிட்டால் ஒரு நிமிடம் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் மெதுவாக மேலே வந்துவிட வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் 'சூப்பர்' என்று பொருள் அல்ல, 'மேலே போகலாம்' என்று பொருள். எல்லாம் படித்ததுதான் என்று தலையாட்டினேன். என் கவனம் முழுவதும் இரவல் வாங்கிய கேமராமீது இருந்தது. அதன் நீர்புகாக் கூட்டின் ரப்பர் வளையத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் உள்ளே தண்ணீர் புகுந்துவிடும். அதை மூன்று முறை துடைத்துப் பார்த்தேன்.

எட்டு மீட்டர் ஆழத்தில் எல்லாமே பச்சை. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். டார்ச் அடித்தால் மட்டுமே பவளம் தன் உண்மையான நிறத்தைக் காட்டும். ஆனால் அந்த வெளிச்சம் மண்துகள்களிலும் பட்டு, படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகளாக விழும். அதைத் தவிர்க்க ஒரே வழி, எடுக்கும் பொருளுக்கு மிக அருகில் செல்வது. அருகில் செல்லச் செல்ல மற்ற எதுவும் கண்ணில் படாது.

என் தோழிதான் முதலில் அதைப் பார்த்துக் கை காட்டினாள். ஓடில்லாத கடல் நத்தை ஒன்று, என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். கறுப்பு உடலில் இளஞ்சிவப்புக் குமிழ்கள். நான் ஒரு விரலைக் காட்டினேன், 'ஒரே ஒரு படம்' என்று. மூச்சை இழுத்தால் உடல் மேலே எழும்பும், விட்டால் கீழே இறங்கும். பவளத்தில் காலோ கையோ படாமல் மிதந்துகொண்டு எடுக்க வேண்டும். ஒன்று பத்தானது, பத்து முப்பதானது. கடைசியில் நத்தை தலையைத் தூக்கிய நொடியில் படம் தெளிவாக விழுந்தது. காட்டலாம் என்று திரும்பினேன். பச்சைச் சுவர்தான் இருந்தது.

கூப்பிட முடியாது. தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்குமேல் வேகமாகச் செல்வதால், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரிவதில்லை. யாரோ விடும் குமிழிகளின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். கைக்கணினியில் ஒரு நிமிடம் கடந்தது. மூச்சை அடக்காமல் மெதுவாக மேலே வந்தேன்.

மேலேயும் அவள் இல்லை.

படகோட்டி ஒரு விரலைக் காட்டி, இன்னொருவர் எங்கே என்று சைகையால் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவளுடைய அம்மா காலையில் எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கட்டிக்கொடுத்த நாசி லெமாக் பொட்டலங்கள் படகில் இருந்தன. அது ஏன் அப்போது நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை.

சில நிமிடங்கள் கழித்து, சற்றுத் தொலைவில் அவள் தலை தெரிந்தது. நீந்திப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீரோட்டம் கொஞ்சம் தள்ளிருச்சு. திரும்பி வந்தா நீ இல்ல. எதிலாவது மாட்டிக்கிட்டியோன்னு தேடிக்கிட்டே இருந்தேன்," என்றாள். காற்றுக் கலனின் அளவுமானியைப் பார்த்தேன். 200 பாரில் தொடங்கியது 50க்கு வந்திருந்தது. என்னைத் தேடியதால்தான் அவள் ஒரு நிமிட விதியை மறந்திருந்தாள்.

வழிகாட்டி திட்டவில்லை. கேமராவை வாங்கிப் படத்தைப் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு, அடுத்த முறை ஒருவர் படம் எடுக்க மற்றவர் டார்ச் பிடிக்க வேண்டும், மூன்று படத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பிற்பகல் இரண்டாவது முறை இறங்கியபோது கேமரா அவளிடம், டார்ச் என்னிடம். திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாததால் நிறைய கண்ணில் பட்டது. கடற்சாமந்திக்குள் ஒளிந்து எட்டிப் பார்த்த கோமாளி மீன்கள், நீண்ட மூக்கை இடுக்கில் நுழைத்து இரை தேடிய மஞ்சள் பட்டை வண்ணத்துப்பூச்சி மீன், கடலடியில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் குவளை. குவளையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்று படத்துக்கு ஒருமுறை அவள் நிமிர்ந்து பார்த்தாள். விரல்களை வளையமாக்கி 'நலம்' என்று காட்டினேன்.

முக்குளிக்க ஆசைப்படும் இளையர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. முறையான பயிற்சி பெறுங்கள், உடல்நலக் கேள்வித்தாளில் உண்மையை எழுதுங்கள். ஆனால் மிதக்கக் கற்றுக்கொள்ளும்வரை, இணையைக் கவனிப்பது பழக்கமாகும்வரை, கேமராவைக் கரையில் விட்டுச் செல்லுங்கள். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் நத்தையின் படத்தைக் காட்டினேன். நம்ம கடலில் எடுத்ததா என்று இரண்டு முறை கேட்டார். தோழியைத் தொலைத்த கதையை அன்று சொல்லவில்லை, மறுநாள்தான் சொன்னேன். "அவங்க அம்மாகிட்ட நீதான் சொல்லணும்," என்றார். சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் மீண்டும் போகிறோம். டார்ச் என்னுடையது.