புனல் மின் நிலையத்திற்கும் கழிவுநீர் உண்டா?

நிலக்கரியை எரித்தால் புகை எழும், சாம்பல் குவியும். அணுவைப் பிளந்தால் கதிரியக்கக் கழிவு மிஞ்சும். உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றினால் என்ன மிஞ்சும்? “ஒன்றுமில்லை, வந்த நீர் வந்தபடியே போகிறது” என்றுதான் நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம்.

அப்படியானால், ஒரு புனல் மின் நிலையம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் சென்று கழிவுநீரை வெளிவிட இசைவாணை கேட்பானேன்? காலம் முடியுமுன் அதைப் புதுப்பிக்க மீண்டும் விண்ணப்பம் எழுதுவானேன்? இது வெறும் அலுவலகச் சடங்கா, அல்லது இதற்குள் விஞ்ஞானம் ஏதேனும் இருக்கிறதா? வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். நாம் தங்கியிருக்கும் இந்த ஐதராபாத் நகரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதே இதை எழுதத் தூண்டிய காரணம்.

நமக்கு என்ன தொடர்பு?

ஐதராபாத்தின் குடிநீரில் பெரும்பங்கு கிருஷ்ணா நதியிலிருந்து வருகிறது. நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்திலிருந்து ஏற்றி, அக்கம்பள்ளி வழியாகக் கோதண்டாபுரத்தில் சுத்திகரித்து, நூறு கிலோ மீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவரப்படுகிறது. இத்திட்டத்தின் முதற் கட்டம் 2004இலும், இரண்டாம் கட்டம் 2008இலும், மூன்றாம் கட்டம் 2015இலும் பயனுக்கு வந்தன.

அந்த நாகார்ஜுனசாகருக்கு மேலே இருப்பது ஸ்ரீசைலம் அணை. அதன் இடதுகரையில், மலையைக் குடைந்து நிலத்தடியில் அமைத்த மின் நிலையம் ஒன்று உண்டு. 150 மெகாவாட் திறனுள்ள ஆறு பொறிகள். மொத்தம் 900 மெகாவாட். இப்பொறிகள் இருவழிப் பொறிகள். பகலில் நீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கலாம். மின்தேவை குறைந்த வேளையில் கீழிருக்கும் நீரை மேலே ஏற்றவும் செய்யலாம். அந்நிலையத்தை விட்டு வெளியேறும் நீர் நாகார்ஜுனசாகரின் நீர்ப்பரப்பில் சேர்கிறது. அங்கிருந்து நம் விடுதிக் குழாய்க்கு வரும் வழியைத்தான் மேலே சொன்னேன். சென்னைக்குச் செல்லும் கிருஷ்ணா நீரும் ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்திலிருந்தே புறப்படுகிறது. 1983ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாக அந்நீர் 1996இல் தமிழக எல்லையை அடைந்தது.

ஆகவே இங்கே படிக்கும் நாமும், ஊரில் இருக்கும் நம் உறவினர் பலரும் ஒரே நதியின் நீரைப் பருகுகிறோம். குறிப்பிட்ட எந்த நிலையத்தின் மீதும் குற்றம் சுமத்துவது என் நோக்கமன்று. ஸ்ரீசைலத்தை நாம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டாகவே கொள்கிறேன்.

கழிவு எங்கிருந்து பிறக்கிறது?

டர்பைன் சக்கரத்தைத் தள்ளிவிட்டுச் செல்லும் பெருநீர் ஏறக்குறைய மாசற்றதே. ஆனால் மின் நிலையம் என்பது சக்கரம் மட்டுமன்று. பல டன் எடையுள்ள சுழலும் பாகத்தைத் தாங்கும் தாங்கிகள் எண்ணெயில் மிதக்கின்றன. நீரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கதவுகளை அழுத்தமேற்றிய எண்ணெயே இயக்குகிறது. மின்மாற்றிகளுக்குள் பல்லாயிரம் லிட்டர் எண்ணெய் நிறைந்திருக்கிறது. இவை எல்லாம் சூடேறும். சூட்டைத் தணிக்க ஆற்று நீரையே குழாய்களில் ஓட விடுகிறார்கள். குழாயில் ஊசித்துளை விழுந்தால் எண்ணெயும் நீரும் சந்தித்துக்கொள்ளும்.

இவையன்றி, சுழல் தண்டு நுழையும் இடத்தில் கசியும் நீர், பாறைச் சுவரில் ஊறும் நீர், தரை கழுவும் நீர் அனைத்தும் நிலையத்தின் அடியில் உள்ள வடிகால் கிணற்றில் போய்ச் சேரும். கிணறு நிரம்பினால் பம்புகள் தாமே ஓடி அதை வெளியே தள்ளும். பொறியைப் பழுது பார்க்கும்போது அதனுள் தேங்கிய நீரையும் இறைத்தாக வேண்டும். இத்துடன் பணியாளர் குடியிருப்பின் சாக்கடை நீரும் உண்டு. இவைதாம் புனல் மின் நிலையத்தின் கழிவுநீர்.

அளவில் இது சிறிது. ஆனால் எண்ணெயின் கணக்கு வேறு. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் எண்ணெயும் மசகும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது வரம்பு. ஒரு லிட்டர் மின்மாற்றி எண்ணெயின் எடை சுமார் 870 கிராம். அதைப் பத்து மில்லிகிராம் வீதம் பங்கிட்டுப் பாருங்கள். 87,000 லிட்டர் தூய நீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவர ஒரே ஒரு லிட்டர் எண்ணெய் போதும்! கோடையில் நம் தெருவுக்கு வரும் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் ஏறத்தாழ ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்கு அடிப்படை, 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் 25ஆம் பிரிவின்படி, மாநில வாரியத்தின் முன் இசைவு இல்லாமல் தொழிற் கழிவுநீரையோ சாக்கடை நீரையோ ஆற்றில் விட எந்தத் தொழிலையும் தொடங்கலாகாது. எந்த இடத்தில் விடலாம், எவ்வளவு விடலாம், அதன் தன்மை எப்படி இருக்க வேண்டும், எத்தனை காலத்திற்கு என்பவற்றை வாரியம் நிபந்தனைகளாக விதிக்கலாம். நமக்கு உரிய வாரியம் ஐதராபாத் சனத்நகரில் இருக்கும் தெலங்கானா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

எல்லா நிலையங்களும் ஒரே தட்டில் வைக்கப்படுவதில்லை. மத்திய வாரியம் 2016இல் வகுத்த வகைப்பாட்டில், 25 மெகாவாட்டுக்குக் குறைந்த சிறு புனல் நிலையங்கள் மாசு மிகக் குறைந்த வெள்ளை வகையில் வைக்கப்பட்டன. அவ்வகைக்குத் தகவல் கொடுத்தாலே போதும். பெரிய நிலையங்களின் நிலை அப்படியன்று.

புதுப்பித்தல் என்றால் என்ன?

பழைய தாளில் புதிய தேதி போடுவது புதுப்பித்தல் ஆகாது. காலப்போக்கில் மாறியவை எவை என்று கேட்பதே புதுப்பித்தல். பொறிகளுக்கு வயது ஏறியிருக்கும், கசிவு தடுக்கும் வளையங்கள் தேய்ந்திருக்கும், குடியிருப்பில் மக்கள் கூடியிருப்பர், வரம்புகள் இறுகியிருக்கலாம். எனவே ஒழுங்கான விண்ணப்பத்தில் நான்கு செய்திகளாவது தெளிவாக இருக்க வேண்டும்.

முதலாவது, நீர்க் கணக்கு. எவ்வளவு நீர் குளிர்விக்க எடுக்கப்பட்டது, எவ்வளவு கிணற்றில் சேர்ந்தது, எவ்வளவு வெளியேறியது என்பது வீட்டு வரவு செலவைப் போல் நேராக வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய்க் கணக்கு. என் கருத்தில் இதுவே உயிர்நாடி. ஆண்டில் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கினீர்கள்? எத்தனை லிட்டர் பழைய எண்ணெயை உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்தீர்கள்? இருப்பு எவ்வளவு? கணக்கில் துண்டு விழுந்தால், விழுந்த துண்டு எங்கே போயிற்று? ஆய்வுக்கூடச் சோதனை ஒரு நாளின் நிலையைத்தான் காட்டும். எண்ணெய்க் கணக்கு ஓராண்டின் கதையைச் சொல்லும். பழைய எண்ணெய், 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் இடம்பெற்ற பொருள் என்பதால் இக்கணக்கை வைத்திருப்பது எப்படியும் கடமையே.

மூன்றாவது, முந்தைய நிபந்தனைகள் நிறைவேறியதற்குச் சான்று. எண்ணெய் பிரிக்கும் தொட்டி வேலை செய்கிறதா? மின்மாற்றியின் அடியில், கசியும் எண்ணெயை ஏந்தும் குழி காலியாக இருக்கிறதா, மழைநீர் நிறைந்து கிடக்கிறதா?

நான்காவது, சோதனை அறிக்கைகள். இங்கேதான் நம் போன்ற மாணவர்களின் கல்வி பயன்பட வேண்டும்.

மாதிரி எடுக்கும் இடம்

ஆய்வுக்கூடத்தில் எண்ணெய்ச் சோதனை செய்து பழகியவன் நான். மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில்தான் எடுக்க வேண்டும்; பிளாஸ்டிக்கின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். மற்றச் சோதனைகளைப் போல் புட்டியை மாதிரி நீரால் அலசவும் கூடாது. அலசினால் எண்ணெய்ப் படலம் சுவரில் தங்கிக் கணக்கைக் கூட்டிவிடும். அமிலம் சேர்த்துக் குளிரில் வைத்து, ஹெக்ஸேன் போன்ற கரைப்பானால் எண்ணெயைப் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுக்க வேண்டும்.

ஆனால் இத்தனை கவனமும் வீணாகிவிடும், மாதிரி எடுத்த இடம் தவறானால். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீரால் 150 மெகாவாட் எடுக்க, வினாடிக்கு 200 கன மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் வேண்டும். அந்த வெளியேற்றுக் கால்வாயில் மாதிரி எடுத்து, “லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்கிறது” என்று சான்று கொடுத்தால் என்ன பொருள்? வினாடிக்கு 2 கிலோ எண்ணெய், அதாவது மணிக்கு 7 டன்னுக்கு மேல் ஆற்றில் போனாலும் அச்சான்று செல்லும் என்று பொருள்! கலந்து நீர்த்துப் போவது சுத்திகரிப்பு ஆகாது. ஆகவே பிரிக்கும் தொட்டியைக் கடந்தபின், பெருநீரோடு கலக்குமுன், அந்தச் சிறு குழாயின் வாயில்தான் மாதிரி எடுக்க வேண்டும். இசைவாணையில் இவ்வொரு வரி திருத்தமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே புதுப்பிக்கும் அதிகாரியின் முதல் வேலை என்பேன்.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி இத்தகைய அனுமதியின் ஆயுள் ஐந்தாண்டுக்கு மேற்படாது. முடிவதற்கு 180 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். ஆயினும் அங்கும் நீண்ட காலம் அணைகளின் எண்ணெய்க் கசிவு கவனிப்பாரற்றுக் கிடந்தது. கொலம்பியா, ஸ்நேக் ஆறுகளின் எட்டு அணைகளிலிருந்து எண்ணெய் கசிகிறது என்று 2013இல் ஒரு நதிக் காவல் சங்கம் இராணுவப் பொறியாளர் படையின் மீது வழக்குத் தொடுத்தது. 2014இல் சமரசம் ஏற்பட்டது. அனுமதிக்கு விண்ணப்பிக்கவும், சூழலுக்குக் கேடு குறைந்த எண்ணெய்க்கு மாற இயலுமா என்று ஆராயவும் படையினர் இசைந்தனர். 2021இல் அனுமதிகள் வழங்கப்பட்டன.

ரஷ்யாவில் நிகழ்ந்தது பெருந்துயரம். 2009 ஆகஸ்டு 17 அன்று சயானோ-சூசென்ஸ்கயா மின் நிலையத்தில் ஒரு பொறி பெயர்ந்தெழுந்து 75 பேர் மாண்டனர். மின்மாற்றி எண்ணெய் 40 டன்னாவது யெனிசேய் ஆற்றில் கலந்து, கீழே வளர்ப்பு மீன்களைக் கொன்றது. நம் ஸ்ரீசைலம் இடதுகரை நிலையத்திலும் 2020 ஆகஸ்டு 20 இரவு மூண்ட தீயில் ஒன்பது பேர் உயிரிழந்தனர். விபத்தால் மாசு ஆற்றில் கலந்தாலோ, கலக்கக்கூடும் என்றாலோ உடனே வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு கூறுகிறது. அந்த அறிவிப்பை யார், யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்பதையும் புதுப்பிக்கும்போதே ஒத்திகை பார்த்து வைப்பது நல்லது.

தூங்கும் கோப்பும் விழித்திருக்கும் குடிமகனும்

நம் சட்டத்தில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எல்லா வகையிலும் நிறைவான விண்ணப்பத்தின் மீது வாரியம் நான்கு மாதம் யாதொரு முடிவும் செய்யாவிட்டால், இசைவு நிபந்தனையின்றி வழங்கப்பட்டதாகவே கருதப்படும். அமெரிக்க முறையில், உரிய காலத்தில் விண்ணப்பித்தவருக்குப் பழைய அனுமதி பழைய நிபந்தனைகளோடு தொடரும். அங்கே அலுவலகம் தூங்கினால் நிபந்தனைகள் விழித்திருக்கும். இங்கே அலுவலகம் தூங்கினால் நிபந்தனைகளும் சேர்ந்து தூங்கிவிடும். தொழில் நடத்துவோரைக் காலதாமதத்திலிருந்து காக்க எழுந்த ஏற்பாடு இது. அது நியாயமே. ஆனால் ஆற்றைக் காக்கும் பொறுப்பு அந்நான்கு மாதத்துக்குள் கோப்பைப் படித்து முடிக்கும் ஓர் அதிகாரியின் கண்ணில் தங்கிவிடுகிறது.

அவர் கண் மட்டும் போதுமா? போதாது என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது. விதித்த நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அக்கழிவுநீரால் பாதிக்கப்படுவோரும் அதில் அக்கறையுடையோரும் தகுந்த நேரத்தில் அப்பதிவேட்டைப் பார்வையிடலாம் என்று அதே 25ஆம் பிரிவு கூறுகிறது. நாம் பருகும் நீரில் நமக்கு அக்கறை இல்லையா?

“புனல் மின்சாரம் தூய்மையானது, அதற்குப் போய் இத்தனை கட்டுப்பாடா? வேறு பெரிய மாசுகள் இல்லையா?” என்று நண்பர்கள் கேட்கலாம். உண்டு. நம் கண்ணெதிரே மூசி நதி ஓடுகிறது. அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனால் மூசியும் ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. கெட்டபின் மீட்கும் செலவோடு ஒப்பிட்டால், கெடாத நீரைக் காக்கும் செலவு மிகச் சிறிது. ஒரு பிரிப்புத் தொட்டி, ஓர் எண்ணெய்க் கணக்குப் புத்தகம், சரியான இடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி: இவ்வளவுதான்.

நான் மேட்டூர்ப் பக்கத்தவன். காவிரி நீரில் வளர்ந்து, இன்று கிருஷ்ணா நீரில் படிக்கிறேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பர். நீரிட்ட ஆற்றையும் நினைப்பது முறை. நம்மில் சிலர் நாளை மின் நிலையங்களில் பொறியாளர் ஆவோம். சிலர் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் அமர்வோம். புதுப்பிக்க வேண்டிய கோப்பு ஒன்று அன்று நம் மேசைக்கு வரும். கையொப்பம் இடுமுன், மாதிரி எந்த இடத்தில் எடுத்தது என்று ஒரு கேள்வி கேட்போமாக.