மோட்டார் சைக்கிள் வாங்குதலும் விலை பேசுதலும்

விற்பாரும் வாங்குவாரும் எதிரெதிர் நின்று விலை பேசும் வழக்கம் நம் நாட்டில் தொன்றுதொட்டு வருவதாகும். சந்தையிற் கத்தரிக்காய் வாங்கும் மூதாட்டியும், மாட்டுச் சந்தையில் துண்டால் கையை மூடி விரல் பிடித்து விலை பேசும் தரகரும் இக்கலையிற் கைதேர்ந்தவர். ஆயினும் அம்மூதாட்டியின் பேரன் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கக் கருதி, கண்ணாடிச் சுவரும் குளிர்ந்த காற்றுமுடைய விற்பனை நிலையத்துட் புகுந்தவுடன் வாயடைத்து நின்றுவிடுகின்றான். “கம்பெனி விலை, தம்பி, ஒரு ரூபாயும் குறைக்க முடியாது” என்று கேட்ட மாத்திரத்தில், காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டு வெளியேறுகின்றான். அவன் கேட்ட சொல் பொய்யன்று. ஆனால் முழு மெய்யுமன்று. அதனுள் அடங்கிய மெய் எவ்வளவு, அடங்காதது எவ்வளவு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது இளைஞரின் ஆடம்பரம் பற்றிய செய்திதானே என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. பேருந்து செல்லாத ஊர்களிலிருந்து பள்ளிக்கும் ஆலைக்கும் அலுவலகத்திற்கும் செல்வோர்க்கு இவ்வாகனம் உத்தியோகத்தைக் காக்கும் கருவியாகும். பட்டம் பெற்று வேலையில் அமரும் மாணவர் பலர் தம் பெயரால் முதன்முதல் கடன் வாங்குவதும் இதன் பொருட்டேயாம். முன்பணம் பெரும்பாலும் தாயாரின் நகையை அடகு வைத்தோ, சீட்டு எடுத்தோ வருவது. அதில் நாலாயிரம் ஐயாயிரம் வீணே கழியின், அது தங்கையின் பள்ளிக் கட்டணம் கழிந்தவாறே ஆகும்.

இனிப் பொருளுக்கு வருவோம். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று ‘எக்ஸ் ஷோரூம்’ விலை. மற்றொன்று ‘ஆன் ரோடு’ விலை. முன்னது உற்பத்தி செய்யும் கம்பெனி குறித்த விலை. சரக்கு சேவை வரி இதனுள் அடங்கியுள்ளது. 350 சி.சி.க்கு மேற்படாத வண்டிகளுக்கு 100-க்கு 28 வீதமாக இருந்த இவ்வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 வீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்டவற்றிற்கு 40 வீதமாக உயர்த்தப்பட்டது. முகவர் தாமாக இவ்விலையைக் குறைத்தல் அரிது. அவர்க்கு இதிற் கிடைக்கும் பங்கு சிறியது. ஆகவே “கம்பெனி விலை” என்னும் சொல் இதனளவில் மெய்யே.

பின்னதாகிய ‘ஆன் ரோடு’ விலையோ, முன்னதன்மேற் பல இனங்களைக் கூட்டி முகவர் எழுதுவது. எடுத்துக்காட்டாக 125 சி.சி. வண்டி ஒன்றின் முதல் விலை ரூ. 90,000 என்று கொள்வோம். அதன்மேற் சாலை வரி 9,000, இன்சூரன்ஸ் 7,000, பதிவுச் செலவு 1,000, ‘ஹேண்ட்லிங்’ என்னும் பெயரால் 1,500, துணைப்பொருள்கள் 4,500, ஆகக் கூடுதல் ரூ. 1,13,000. இக்கணக்கிற் பேச்சுக்கு இடமுள்ளது 90,000 என்னும் முதல் வரியிலன்று. அதன்கீழ் ஏறிய 23,000-க்குள்ளேயே. நம்மவர் பலர் முதல் வரியோடு மல்லுக்கட்டித் தோற்று, பின்வரும் வரிகளைப் படியாமலே ஒப்புக்கொள்கின்றனர்.

அவ்வரிகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம். சாலை வரி அரசினர்க்குச் செல்வது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு இலட்சம் ரூபாய் வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு 100-க்கு 10 வீதமும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு 12 வீதமும் விதிக்கப்படுகின்றன. இதிலும் பதிவுக் கட்டணத்திலும் குறைக்குமாறு கேட்டல் பயனற்றது. ஆனால் கட்டிய தொகைக்கு இரசீது கேட்டல் தகும், ‘ஆர்.டி.ஓ. செலவு’ என்று ஒட்டுமொத்தமாக எழுதிய தொகை இரசீதிலுள்ள தொகையோடு ஒத்திருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

இன்சூரன்ஸ் இரு கூறுகளை உடையது. பிறர்க்கு நேரும் தீங்கிற்கு ஈடு செய்யும் மூன்றாந்தரப்புக் காப்பு ஒன்று. உச்சநீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து, 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனத்திற்கு இதனை ஐந்தாண்டுகளுக்கு ஒருசேர எடுத்தல் கட்டாயமாயிற்று. இதன் கட்டணத்தை அரசினரே குறிப்பதால், எங்கு எடுப்பினும் ஒன்றே. மற்றொன்று நம் வண்டிக்கு நேரும் சேதத்திற்குரிய காப்பு. இதனை ஓராண்டிற்கு மட்டும் எடுத்தல் கூடும். இதன் கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். முகவரிடமே இன்சூரன்ஸ் எடுத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆதலின் வேறோரிடத்தும் விலை கேட்டு, அச்சீட்டைக் காட்டினால், முகவர் தம் தொகையைக் குறைத்தல் பெரும்பாலும் நிகழ்வதே. ஒப்பிடுங்கால், காப்பின் காலமும், வண்டிக்குக் குறித்த மதிப்பும் இரு சீட்டுகளிலும் ஒன்றாக உள்ளனவா என நோக்குக. மதிப்பைக் குறைத்து எழுதினால் கட்டணமும் குறைந்து தோன்றும். வண்டி களவு போகுங்காலத்தே அதன் நட்டம் புலப்படும்.

அடுத்து ‘ஹேண்ட்லிங்’. வண்டியை லாரியிலிருந்து இறக்கித் துடைத்து வைத்ததற்காக என்பர். விற்பனைக்கு ஆயத்தமாக வைத்தல் விற்போன் கடமையாதலின், “இஃது எதன் பொருட்டு? எந்த இரசீதில் இது வரும்?” என்னும் இரு கேள்விகளே பெரும்பாலும் போதும்.

துணைப்பொருள்கள் என்னும் வரியில் கிராஷ் கார்டு, மேட், இருக்கை உறை, மெருகுப் பூச்சு முதலியன நிரல்பட நிற்கும். வேண்டுவன கொள்க, வேண்டாதன விடுக. “இவற்றை வாங்கினாலன்றி வண்டி தாரோம்” என்பாராயின், ஒன்றை வாங்குதற்கு மற்றொன்றை நிபந்தனையாக்குதலை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வாணிக முறைகளுள் ஒன்றாக வைத்துள்ளது என்பதை நினைவூட்டலாம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். ஈண்டுச் சிறப்பாக அறிதற்குரிய செய்தி ஒன்றுண்டு. பின்னமர்வோர் பற்றிக்கொள்ளும் கைப்பிடியும், கால் வைக்கும் படியும், ஆடை சக்கரத்திற் சிக்காதவாறு தடுக்கும் சேலைக் காப்பும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் இருத்தல் வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி கூறுகின்றது. 138-ஆம் விதி, விற்கும்பொழுதே தரமுடைய தலைக்கவசம் ஒன்று தருதல் வேண்டும் என்கின்றது. ஆகவே சேலைக் காப்பிற்கும் தலைக்கவசத்திற்கும் தனி விலை எழுதப்பட்டிருப்பின், காரணம் கேட்டல் வாங்குவோன் உரிமையாகும்.

இவை யாவற்றினும் பெரிது கடன். விற்பனை நிலையத்திலேயே கடன் கொடுப்போரின் ஆள் ஒருவர் அமர்ந்திருப்பார். “மாதம் எவ்வளவு கட்ட முடியும், தம்பி?” என்பதே அவர் முதற் கேள்வி. மாதத் தொகையை மட்டும் நோக்கினவன் மொத்தத் தொகையை மறப்பான். ரூ. 80,000 கடன், 24 மாதம், வட்டி 100-க்கு 10 வீதம் ‘ஃபிளாட்’ என்பர். ஆண்டிற்கு 8,000 ஆக, ஈராண்டிற்கு வட்டி 16,000. மாதத் தவணை 4,000. பத்து வீதந்தானே என்று தோன்றும். ஆனால் மாதந்தோறும் முதலிலும் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து வருகின்றோம். ஓராண்டு கழிந்தபின் நம்மிடம் எஞ்சி நிற்கும் கடன் ஏறத்தாழப் பாதியே. வட்டியோ முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுகின்றது. நிலுவைக்கு மட்டும் வட்டி கணக்கிடும் முறையில் நோக்கின், இது 100-க்கு 18 வீதத்திற்கும் சற்று மேற்படும். நிலுவை முறையில் உண்மையாகவே 10 வீதமாயின் ஈராண்டு வட்டி ஏறக்குறைய 8,600 ரூபாயே ஆகும். ஒரே ‘பத்து’ என்னும் சொல்லில் 7,400 ரூபாய் மறைந்து கிடக்கின்றது! துணைப்பொருளில் 500 ரூபாய்க்கு ஒரு நாழிகை வாதாடியவன், இதனைக் காணாது கையெழுத்திடுவது இரங்கத்தக்கது. 2024 அக்டோபர் முதல், கடன் கொடுப்போர் எல்லாச் செலவும் அடங்கிய ஆண்டு வட்டி வீதத்தை ஒரு தாளில் எழுதித் தருதல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அத்தாளைக் கேட்டுப் பெற்று, வேறொரு வங்கியின் தாளோடு ஒப்பிட்டபின்னரே கையெழுத்திடுக.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது கொள்வோர், பழையதன் விலையைத் தனியே பேசி முடித்தல் நன்று. இரண்டையும் ஒன்றாகக் கலப்பின், அங்கே கூட்டியது இங்கே குறையும். பெயர் மாற்றத்தையும் உடனே செய்வித்தல் வேண்டும். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்திற்குப் பொறுப்பாவார் என்று உச்சநீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.

காலமும் கருதத்தக்கது. ஆடி மாதத்தில் நம்மவர் புதுப்பொருள் வாங்கத் தயங்குவதால் விற்பனை மந்தமாக இருக்கும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முன் கூட்டம் நெருங்கும். கூட்டத்திடைப் பேரம் செல்லாது. மாதக் கடைசியில் விற்பனைக் கணக்கை நிரப்ப வேண்டியிருத்தலால் முகவர் சற்று நெகிழ்வர். ஜனவரியில் வாங்குவோர், வண்டி சென்ற ஆண்டிற் செய்யப்பட்டதா என நோக்குதல் வேண்டும். பதிவுச் சான்றில் உற்பத்தி ஆண்டு எழுதப்படுதலின், பின்னாளில் விற்கும்பொழுது ஓராண்டுப் பழமை கூடித் தோன்றும். அத்தகைய வண்டிக்குத் தள்ளுபடி கேட்டல் நியாயமே.

பேசும் முறை யாது? உரத்த குரல் வேண்டுவதின்று. ஒரே கம்பெனியின் முகவர் இருவரிடத்தேனும் அச்சிட்ட கொட்டேஷன் பெறுக. வாய்ச்சொல்லும் துண்டுச் சீட்டும் கணக்கில் வாரா. பின்னர், “அண்ணே, வண்டியின் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. இந்த மூன்று வரிகளை மட்டும் நீக்கி வேறொரு கொட்டேஷன் தாருங்கள்” என்று அமைதியாகக் கேட்டால், “மேலாளரைக் கேட்டு வருகிறேன், தம்பி” என்று அவர் எழுவார். அவர் எழுந்ததே பேச்சுக்கு இடமுண்டு என்பதற்குச் சான்று. தொகையைக் குறைக்க மாட்டாதவிடத்துத் தலைக்கவசத்தையோ, வேண்டிய ஒரு துணைப்பொருளையோ விலையின்றித் தருவர், அதுவும் ஊதியமே. அன்றே முன்பணம் கட்டுமாறு நெருக்குவாராயின், மறுநாள் வருவதாகக் கூறி எழுந்துவிடுதல் தக்கது. முன்பணம் கொடுப்பின், வாங்காது விடுமிடத்து அது திரும்பக் கிடைக்குமா என்பதை இரசீதில் எழுதுவித்துக் கொள்க. பதிவுக்கு முன்னரே என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் தாளோடு ஒப்பிடுக. பதிவின்றி வண்டியை ஒப்படைத்தல் விதிக்கு மாறு என்பதையும் மறவற்க.

இங்ஙனம் கூறியதனால், விற்போரெல்லாம் வஞ்சகர் என்பது கருத்தன்று. எதிரே நிற்கும் விற்பனையாளரும் மாதச் சம்பளத்திற்கு உழைக்கும் ஓர் இளைஞரே. இத்தனை வண்டி, இத்தனை இன்சூரன்ஸ் என்று அவர் தலைமீதும் கணக்கு ஒன்று தொங்குகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் தமக்கு மிகுதியாகக் கொள்ளாமலும் பிறர்க்குக் குறைவாகக் கொடாமலும் நடந்தமையைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. நீதிமொழிகளோ, வாங்குங்கால் பொருளைப் பழித்து, வாங்கிச் சென்றபின் தன் சாமர்த்தியத்தைப் புகழ்ந்துகொள்வானைச் சுட்டுகின்றது. ஒன்று விற்போனுக்கு, மற்றொன்று வாங்குவோனுக்கு. இல்லாத குற்றத்தை வண்டிமேல் ஏற்றி விலை குறைத்தலும் ஒருவகை வஞ்சனையே.

தாளிலுள்ளதைப் படித்தல், கூட்டிப் பார்த்தல், விளங்காததை வினாவுதல் என்னும் மூன்றும் நாம் வகுப்பறையில் நாள்தோறும் செய்வனவே. அவற்றை விற்பனை நிலையத்து மேசைமுன்னும் செய்வோமாயின், தாயாரின் நகை ஓரிரு மாதம் முன்னரே அடகிலிருந்து மீளும்.