அம்பருக்குள் இலைவண்டு: புதிய உயிர்ச்சுவட்டு இனமொன்று எவ்வாறு விபரிக்கப்படுகிறது?



உயிர்ச்சுவடு பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும்போது பலர் “பாறையில் பதிந்த என்பு” என்பதுடன் நிறுத்திவிடுகின்றனர். பூச்சிகளுக்கு என்பு இல்லை. ஆயினும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பூச்சிகளின் உணர்கொம்பும் கால்மயிரும் கூட இன்று எமக்குக் கிடைக்கின்றன. அவற்றைக் காத்து வைத்திருப்பது அம்பர் ஆகும்.

1. இலைவண்டுகளை அறிவோம்

பூசணிக் கொடியின் இலைகளைத் துளைக்கும் செம்மஞ்சள் நிற வண்டை உங்கள் வீட்டுத் தோட்டத்தில் கண்டிருப்பீர்கள். வயலில் நெற்பயிரின் இலையைச் சுரண்டி வெண்கோடுகளை ஏற்படுத்தும் முள்வண்டும், சேமித்து வைத்த பயறு, கௌபி ஆகியவற்றைத் துளைக்கும் சிறு வண்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் ஏறத்தாழ 35,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன.

பாகுபாடு:
இராச்சியம் – அனிமாலியா
கணம் – ஆத்திரப்போடா
வகுப்பு – இன்செக்டா
வருணம் – கோலியோப்டெரா
குடும்பம் – கிறைசோமெலிடே

இலைவண்டின் பாதம் 5 துண்டங்களைக் கொண்டது. 4ஆம் துண்டு மிகச் சிறியது. அது 3ஆம் துண்டின் மடல்களுக்கிடையே மறைந்திருப்பதால் பாதம் 4 துண்டங்கள் கொண்டது போலத் தோன்றும். நீள்கொம்பு வண்டுகளிலும் இவ்வியல்பு உண்டு. எனவே ஓர் இயல்பை மட்டும் கொண்டு குடும்பத்தைத் தீர்மானிக்க முடியாது.

2. பிசின் அம்பராதல்

முருங்கையில் வடியும் பிசின் நீரில் ஊறும். அது வெல்லங்களாலான பதார்த்தம். நுண்ணங்கிகளால் இலகுவாக அழிவடையும். அதிலிருந்து அம்பர் தோன்றாது. நீரில் கரையாத குங்கிலியம் போன்ற பிசினே அம்பராகும்.

படிமுறை:
(அ) மரத்தின் காயத்திலிருந்து வடியும் ஒட்டும் பிசினில் பூச்சி சிக்குகிறது.
(ஆ) மேலும் வடியும் பிசின் அதனை மூடுகிறது. ஒட்சிசனும் நீரும் பெரிதும் தடுக்கப்படுவதால் அழுகல் குறைகிறது.
(இ) பிசின் மண்ணில் புதைந்து படிவுகளால் மூடப்படுகிறது.
(ஈ) எளிதில் ஆவியாகும் பதார்த்தங்கள் வெளியேற, மூலக்கூறுகள் ஒன்றுடனொன்று இணைந்து பல்பகுதியமாகின்றன. நீண்ட காலத்தின் பின் அம்பர் உண்டாகிறது.

3. இரு உண்மை எடுத்துக்காட்டுகள்

(அ) இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், சூரத் மாவட்டத்திலுள்ள வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். இங்கு பெறப்பட்ட ஏறத்தாழ 150 கிலோகிராம் அம்பரில் 700இற்கு மேற்பட்ட ஆத்திரப்போடாக்கள் காணப்பட்டன. அவை 14 வருணங்களையும் 55 குடும்பங்களையும் சேர்ந்தவை என ஜெஸ் ருஸ்ட், டேவிட் கிறிமால்டி, அசோக் சாஹ்னி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டனர். இவ்வம்பரின் வயது 5 கோடி ஆண்டுகளுக்கு மேல். இதனைத் தந்தவை குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை. எமது நாட்டின் சிங்கராஜ வனத்தில் இக்குடும்ப மரங்கள் இன்றும் உள்ளன. இவ்வம்பர் முழுமையாகப் பல்பகுதியமாகாததால் சேதனக் கரைப்பான்களில் கரைகிறது. பூச்சியை முழுமையாக வெளியே எடுக்கலாம்.

(ஆ) கனடா அம்பரில் கிடைத்த வண்டொன்றை 2005இல் ஜோர்ஜ் பொய்னர் புதிய சாதி, புதிய இனமாக விபரித்து மீசோபகிமெரஸ் அன்டிக்குவா எனப் பெயரிட்டார். இது பயறு வண்டின் உறவினம். குறிப்பாக, பனைக் குடும்பத் தாவரங்களின் விதைகளில் வளரும் வண்டுகளுக்கு நெருங்கியது. டைனோசோர்கள் வாழ்ந்த கிரெத்தேசியக் காலத்திலேயே விதையுண்ணும் இவ்வண்டுகள் தோன்றிவிட்டன என்பதற்கு இது சான்றாகும்.

4. புதிய இனத்தை விபரிக்கும் முறை

1. அம்பரை வெட்டி, மினுக்கி, பூச்சி தெளிவாகத் தெரியுமாறு செய்தல்.
2. நுணுக்குக்காட்டியினூடாக உடல் நீளம், உணர்கொம்பு, பாதம், முன்சிறகின் புள்ளி வரிசை ஆகியவற்றை அளந்து வரைதல். மறைந்த பகுதிகளை எக்ஸ்-கதிர் நுண்வருடலால் பார்த்தல்.
3. வாழும் இனங்களுடனும் அறியப்பட்ட உயிர்ச்சுவடுகளுடனும் ஒப்பிடுதல். மிகுந்த காலம் எடுப்பது இதுவே.
4. வேறுபாடுகளை எழுதி, சாதிப் பெயரும் இனப் பெயரும் கொண்ட இருசொற் பெயரிடுதல்.
5. பெயருக்கு ஆதாரமான மூலவகை மாதிரியைப் பிறரும் பார்க்கக்கூடிய நிறுவனமொன்றில் வைத்து, விபரிப்பை வெளியிடுதல்.

5. வன்னியில் அம்பர் கிடைக்குமா?

இது நல்ல வினா. விடை நிலத்தின் அமைப்பில் உள்ளது. வவுனியாவின் அடியில் இருப்பவை புவிச்சரிதவியலாளர் “வன்னித் தொகுதி” என அழைக்கும் உருமாறிய பாறைகள். அவை பிரீகேம்பிரியன் காலத்தவை. அப்போது நிலத்தில் மரங்களே இல்லை. புத்தளம் – முல்லைத்தீவு கோட்டுக்கு வடமேற்கே உள்ள மயோசீன் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்தது. எனவே எமது பகுதியில் அம்பரைவிடக் கடல்வாழ் உயிரிகளின் சுவடுகளையே எதிர்பார்க்கலாம்.

6. இதனால் அறியப்படுவது என்ன?

வஸ்தான் பூச்சிகளிற் பலவற்றின் உறவினங்கள் ஆசியா, ஐரோப்பா போன்ற பிற நிலங்களிலும் காணப்பட்டன. இந்தியா நெடுங்காலம் முற்றாகத் தனித்த தீவாக இருந்திருந்தால் அதற்கே உரிய பூச்சிகளே மிகுந்திருக்கும். ஆகவே அத்தனிமை எண்ணியிருந்த அளவுக்கு முழுமையானதன்று என ஆய்வாளர் முடிவு செய்தனர்.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ளுங்கள். வாழும் வண்டுகளை அறியாமல் பழைய வண்டுக்குப் பெயரிட முடியாது. எமது காடுகளிலுள்ள பூச்சிகள் பதியப்படுமுன் அழிந்துவிட்டால், ஒப்பிடுவதற்குரிய சான்றும் அவற்றுடன் அழிந்துவிடும். உங்களிற் சிலர் நாளை இப்பதிவை எழுதுவோராக வரவேண்டும்.

மாதிரி வினாக்கள்

1. அம்பரில் பூச்சி அழுகாமைக்கு இரு காரணங்கள் தருக.
விடை: ஒட்சிசனும் நீரும் தடுக்கப்படல், பிசினின் பதார்த்தங்கள் நுண்ணங்கிகளின் செயற்பாட்டைக் குறைத்தல்.

2. நிரம்பிய உப்புக் கரைசலில் அம்பர் மிதக்க, கண்ணாடி அமிழ்வது ஏன்?
விடை: அம்பரின் அடர்த்தி கரைசலினதை விடக் குறைவு, கண்ணாடியின் அடர்த்தி கூடியது.

3. மூலவகை மாதிரியைப் பாதுகாப்பதன் அவசியம் யாது?
விடை: விபரிப்பு சரியா எனப் பிறர் மீண்டும் சோதிப்பதற்கு.

கவனிக்க: விஞ்ஞானப் பெயரை இலத்தீன் எழுத்தில் எழுதும்போது சாதிப் பெயரின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்தாக வேண்டும். கையெழுத்தில் இரு சொற்களின் கீழும் தனித்தனியே கோடிடுக.