ஆபத்து வருமுன் எழுத வேண்டிய விண்ணப்பம்

ஊரில் கலவரம் மூண்டால் மறுநாள் காலையிலேயே வேலை தொடங்கிவிடும். பயந்துபோன குடும்பத்துக்குச் சில இரவுகள் தங்க இடம் வேண்டும். பிடித்துக்கொண்டு போன பையனைப் பார்க்கச் சட்டத்தரணியைக் கூட்டிப்போக வேண்டும். பகைத்து நிற்கும் இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் ஓரிடத்தில் உட்காரவைக்க வேண்டும். இதையெல்லாம் முதலில் செய்கிறவர்கள் பெரும்பாலும் சிறு குழுக்கள்தான்: மாதர் சங்கம், இளைஞர் கழகம், மீனவர் சங்கம். அவர்கள் கையில் இருப்பதோ அங்கத்தவர் சந்தாப் பணம் மட்டுமே. வழக்கமான நன்கொடைக்கு விண்ணப்பித்தால் பதில் வர மாதக்கணக்காகும். அதற்குள் காரியம் கைமீறிவிடும்.

இப்படிப்பட்ட வேளைகளுக்கென்றே அவசர நிதி வழங்கும் அமைப்புகள் உலகில் இருக்கின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் பெண்கள் குழுக்களோடு நெடுங்காலம் வேலை செய்தவள் நான். அவர்களோடு உட்கார்ந்து விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன்: இந்த நிதி கிடைப்பதற்கு ஆங்கிலப் புலமை பெரிதல்ல. ஆபத்து வருவதற்கு முன்பே ஒரு குழு தன் கணக்கையும் பதிவுகளையும் எப்படி வைத்திருந்தது என்பதுதான் பெரிது.

முதலில் யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். பெண் உரிமைக்காகப் போராடுபவர்களுக்கென 1997 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது ‘அர்ஜென்ட் ஆக்‌ஷன் ஃபண்ட்’. விண்ணப்பம் வந்து 72 மணி நேரத்துக்குள் முதற்பதில் அனுப்புவது அதன் வழக்கம். ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசிய பசிபிக் பகுதிகளுக்கு அதன் சகோதர நிதியங்கள் தனித்தனியே இயங்குகின்றன. டப்ளின் நகரில் 2001 இல் தோன்றிய ‘ஃபிரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ்’, அச்சுறுத்தலுக்கு உள்ளான மனித உரிமைச் செயற்பாட்டாளர்களின் பாதுகாப்புக்கு 7,500 யூரோ வரை தந்துவந்திருக்கிறது. அலுவலகக் கதவைப் பலப்படுத்துவது, சட்டத்தரணி கட்டணம், மருத்துவச் செலவு, சில காலம் வேறிடத்தில் தங்குவது போன்றவற்றுக்கான பணம் அது. அமெரிக்காவுக்குள் இயங்கும் மக்கள் குழுக்களுக்கு, வியட்நாம் போர் எதிர்ப்பில் 1967 இல் பிறந்த ‘ரெசிஸ்ட்’ போன்ற அமைப்புகள் உதவிவந்திருக்கின்றன. தொகையும் விதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அவசர நிதி தருபவர்கள் ஒரு விஷயத்தில் கண்டிப்பானவர்கள். எதிர்பாராமல் வந்த நெருக்கடிக்குப் பணம் தருவார்கள். நெடுநாள் பற்றாக்குறைக்குத் தரமாட்டார்கள். “அலுவலக வாடகை மூன்று மாதம் பாக்கி” என்பது உண்மையான கஷ்டம்தான், ஆனாலும் அவசர நிதிக்கு உரியதல்ல. “நில மீட்புக் கூட்டம் நடத்தியதால் வீட்டுக்காரர் மிரட்டப்பட்டார், உடனே இடம் மாற வேண்டும்” என்றால் அதற்கு உரியது.

அப்படி எதிர்பாராமல் வந்த நெருக்கடி ஒன்றைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டு வெடித்தது. அதன்பின் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே தயங்கிய வாரங்கள் வந்தன. முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பேச்சு பரவியது. இரு சமூகப் பெண்களும் சேர்ந்து நடத்திவந்த ஒரு குழு அப்போது விண்ணப்பம் எழுத என்னிடம் வந்தது. அவர்கள் கொண்டுவந்த தாளில் ‘இன நல்லிணக்கத்தைக் கட்டியெழுப்புதல்’, ‘ஆற்றல் விருத்தி’, ‘வலுவூட்டல்’ என்று பழைய திட்ட அறிக்கைகளில் இருந்து எடுத்த வரிகள் நிறைந்திருந்தன. அதை ஓரமாக வைத்துவிட்டு, “போன கிழமை என்ன நடந்தது, அதைச் சொல்லுங்க” என்றேன்.

“சந்தைக்கு மரக்கறி கொண்டு போற எங்கட பிள்ளைகள் இப்ப போகுதில்ல அக்கா. வாங்கிற முஸ்லிம் வியாபாரியும் இந்தப் பக்கம் வாறதில்ல. மரக்கறி அழுகிப் போகுது” என்றார் தமிழ்ப் பெண் ஒருவர். பக்கத்தில் இருந்த முஸ்லிம் பெண், “எங்கட ஆக்கள் பஸ்ஸில ஏறவே பயப்படுறாங்க அக்கா. ரெண்டு ஊர் பொம்பிளையளும் ஒரு இடத்தில சந்திச்சாப் பேசலாம். வான் பிடிக்கத்தான் காசில்ல” என்றார். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினோம். செலவுப் பட்டியலில் வான் வாடகை, மண்டபம், மதியச் சாப்பாடு, தொலைபேசி அட்டை ஆகியவற்றோடு, கூட்டத்துக்கு வரும் பெண்கள் இழக்கும் நாட்கூலியையும் சேர்த்தோம். வயல் வேலையை விட்டு வருகிறவருக்கு அன்றைய அடுப்பு எரிய வேண்டும். அதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. பணம் வந்தது. சந்திப்புகள் நடந்தன.

எந்த விண்ணப்பப் படிவமானாலும் சுற்றிச் சுற்றிச் சில கேள்விகளையே கேட்கும். என்ன நடந்தது? ஏன் இப்போதே பணம் வேண்டும், ஒரு மாதம் பிந்தினால் என்ன ஆகும்? இந்தப் பணத்தால் எதைச் செய்வீர்கள்? உங்களை அறிந்தவர்கள் யார்? முதற்கேள்விக்குத் தேதியும் இடமும் சம்பவமும் போதும். மற்றவற்றுக்கும் சில வரிகளே போதும். செலவுப் பட்டியலில் ‘இதர செலவு’ என்று பெருந்தொகை போடாதீர்கள். அந்த ஒரு வரியே சந்தேகத்தைக் கிளப்பும். கடைசிக் கேள்விக்கு, உங்கள் குழுவைக் கண்ணால் கண்டு அறிந்த இருவரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிடுங்கள். நிதியத்திலிருந்து அழைப்பு வரும்போது அவர்கள் தடுமாறினால் வேலை கெட்டுவிடும்.

அதனால்தான் முன்னேற்பாட்டை இவ்வளவு வலியுறுத்துகிறேன். மாதக் கூட்டங்களின் அறிக்கைப் புத்தகம் எழுதப்பட்டிருக்க வேண்டும். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்து, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாடு வேண்டும். பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் இட்டு வையுங்கள். தலைவியின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் பல நிதியங்கள் அங்கேயே நிறுத்திவிடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் தன்னார்வ அமைப்புகளின் பதிவுக்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் பதியாத கிராமச் சங்கங்கள், நம்பிக்கையான பதிவுபெற்ற நிறுவனம் ஒன்றின் வழியாக நிதி பெற முயலலாம். இந்தியாவில் அந்த வழி அடைபட்டுவிட்டது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 இல் வந்த திருத்தத்தின்படி, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. அந்தப் பணம் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதான கிளைக் கணக்குக்கே வர வேண்டும். ஆகவே அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு இல்லாத தமிழ்நாட்டின் சிறு குழுக்கள் உள்நாட்டு நன்கொடையாளர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பாதுகாப்பை மறந்துவிடாதீர்கள். மிரட்டப்பட்டவரின் முழுப்பெயர், வீட்டு முகவரி, படம் எதையும் முதல் மின்னஞ்சலிலேயே அனுப்ப வேண்டாம். ‘ஒரு அங்கத்தவர்’ என்று எழுதினால் போதும். விவரம் கேட்டால் சிக்னல் போன்ற பாதுகாப்பான செயலியில் சொல்லுங்கள். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அவர் கதையை எவரிடமும் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அவருக்கு உதவி தேடப் போய் அவரையே காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

பணம் வந்ததும் சொன்ன தேதிக்குள் அறிக்கை அனுப்பிவிடுங்கள். திட்டமிட்டபடி நடக்காதவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மறுப்பு வந்தால் காரணம் கேளுங்கள். பலர் நாகரிகமாகப் பதில் தருவார்கள், வேறு நிதியத்தைச் சுட்டிக்காட்டவும் செய்வார்கள்.

குழு நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் குழு எது, என்ன செய்கிறது, யாருக்காகச் செய்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, வங்கி விவரத்தோடும் பரிந்துரைப்பவர் இருவரின் பெயரோடும் பத்திரப்படுத்துங்கள். கணினியும் ஆங்கிலமும் தெரிந்த இளையவர்களே, உங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் போய் அந்தப் பக்கத்தை எழுத உதவுங்கள். ஊர் அமைதியாக இருக்கும்போதே செய்துமுடிக்க வேண்டிய வேலை அது.