காணாமல் போன ஸ்கிம்மர்

விண்டோஸ் 11-இன் ‘24எச்2’ அப்டேட் 2024 அக்டோபரில் வெளிவந்தது. அதைப் போட்டுக்கொண்ட சிலர், ஒரு பழைய விளையாட்டில் ஒரு விமானத்தைக் காணவில்லை என்றார்கள். விளையாட்டு ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’. 2005-இல் கணினிக்கு வந்தது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடியவர்களுக்கு அதன் சந்துபொந்தெல்லாம் மனப்பாடம். அதில் தண்ணீரில் இறங்கி மிதக்கும் குட்டி விமானம் ஒன்று உண்டு, பெயர் ஸ்கிம்மர். வழக்கமாக அது நிற்கும் இடங்களில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. வேறு வழியில் அதை வரவழைத்து ஏறினால், விளையாட்டின் நாயகனை அண்டவெளிக்கும் அப்பால், எண்ணால் சொல்லவே முடியாத உயரத்துக்குத் தூக்கி எறிந்தது.

முந்தைய நாள் வரை சரியாக ஓடியது, அப்டேட் ஆனதும் கெட்டது. யாராக இருந்தாலும் விண்டோஸைத்தான் சந்தேகிப்பார்கள். பழைய விளையாட்டுகளின் பிழைகளைத் திருத்தி ‘சைலன்ட்பேட்ச்’ என்ற பெயரில் இலவசமாகத் தரும் சைலன்ட் என்ற நிரலாளர் அதோடு நிற்கவில்லை. விளையாட்டின் நிரலைப் பிரித்துப் பார்த்து, கண்டதை 2025 ஏப்ரலில் விரிவாக எழுதினார். நான் படித்த துப்பறியும் கதைகளில் அதற்குத் தனி இடம் கொடுப்பேன்.

விளையாட்டு தொடங்கும்போது, வண்டிகளின் விவரம் அடங்கிய ஒரு சாதாரண எழுத்துக் கோப்பைப் படிக்கிறது. ஒரு வண்டிக்கு ஒரு வரி. வரியின் கடைசியில் சக்கர அளவு முதலான நான்கு மதிப்புகள் இருக்க வேண்டும். ஸ்கிம்மரின் வரியில் அந்த நான்கும் இல்லை. முந்தைய விளையாட்டான ‘வைஸ் சிட்டி’யில் ஸ்கிம்மரைப் படகு வகையில் சேர்த்திருந்தார்கள், படகுக்குச் சக்கரம் தேவையில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமான வகைக்கு மாற்றியபோது, விட்டுப்போன மதிப்புகளைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

அப்படியானால் அத்தனை வருஷம் எப்படிப் பறந்தது? நிரல் தற்காலிகமாக எதையாவது குறித்துக்கொள்ள நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. ஸ்டாக் என்பார்கள். அதைப் பள்ளிக்கூடத்துச் சிலேட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியின் வரியைப் படித்து, அதன் எண்களை விளையாட்டு அந்தச் சிலேட்டில் எழுதுகிறது. அடுத்த வண்டி வரும்போது சிலேட்டைத் துடைப்பதில்லை. பழையதன் மேலேயே புதியதை எழுதுகிறது. ஸ்கிம்மருக்கு முந்தைய வரியில் இருப்பது டாப்ஃபன் என்ற வேன். அதன் சக்கர அளவு 0.7. ஸ்கிம்மருக்கு எழுத எண் இல்லாததால் வேனின் 0.7 அழியாமல் நின்றது. விளையாட்டு அதையே ஸ்கிம்மரின் அளவாக எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய 20 வருஷம் அந்த விமானம் வேனின் இரவல் சக்கரத்தில்தான் ஓடியிருக்கிறது.

24எச்2-இல் விண்டோஸ் தன் உள்வேலை ஒன்றை மாற்றி எழுதியது. கோப்பிலிருந்து ஒரு வரியைப் படித்துத் தரும் நேரத்தில் அந்த வேலை சிலேட்டில் முன்பைவிடக் கூடுதல் இடம் எடுத்தது. அப்படி எடுத்துக்கொள்ள அதற்கு முழு உரிமை உண்டு. 0.7 இருந்த இடத்தில் வேறேதோ எண்கள் வந்து உட்கார்ந்தன. அவற்றைச் சக்கர அளவு என்று நம்பி, விமானத்தை எந்த உயரத்தில் நிறுத்துவது என்று விளையாட்டு கணக்குப் போட்டது. மருந்து என்னவோ எளியதுதான். அந்த எழுத்துக் கோப்பை நோட்பேடில் திறந்து, ஸ்கிம்மர் வரியில் விடுபட்ட நான்கு மதிப்புகளைச் சேர்த்தால் போதும்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ‘சிம்சிட்டி’ விளையாட்டு, தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை அதற்குப் பிறகும் படித்துக்கொண்டிருந்தது. அதுவரை அந்த இடத்தை வேறு யாரும் உடனே எடுக்காததால் தப்பித்தது. விண்டோஸ் 95-ஐச் சோதித்தபோது சிம்சிட்டி விழுந்தது. மைக்ரோசாஃப்ட் நிரலாளர்கள் விளையாட்டைக் குறை சொல்லாமல், சிம்சிட்டி ஓடும்போது மட்டும் நினைவகத்தை வேறு விதமாகக் கையாளும்படி விண்டோஸிலேயே எழுதி வைத்தார்கள் என்று மென்பொருள் துறையைப் பற்றி எழுதும் ஜோயல் ஸ்போல்ஸ்கி பதிவு செய்திருக்கிறார். காசு கொடுத்து விளையாட்டு வாங்கியவர் ஏமாறக் கூடாது என்ற அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லா நேரமும் அப்படி நடப்பதில்லை. சில சமயம் கதவைத் தெரிந்தேதான் சாத்துகிறார்கள். சிடியைப் போட்டால்தான் ஓடும் பல பழைய விளையாட்டுகளில் ‘சேஃப்டிஸ்க்’ என்ற பூட்டு இருந்தது. அந்தப் பூட்டின் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-இல் விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்தது. 2019-இல் ஆப்பிளின் மேக் ஓஎஸ் கேட்டலினா 32 பிட் நிரல்களை அடியோடு நிறுத்தியது. மேக்கில் ஓடிய எத்தனையோ விளையாட்டுகள் ஒரே அப்டேட்டில் போயின. அமைப்பைத் திருகிப் பார்ப்பதில் இங்கே பெரும்பாலும் பயனில்லை. விளையாட்டின் புதிய பதிப்பு வருவதுதான் நல்ல வழி.

இன்றைய விளையாட்டுகள் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் டிரைவரும், ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் ஆன்டி-சீட் நிரலும் இயங்குதளத்தின் அடிமட்டம் வரை இறங்கி வேலை செய்பவை. அங்கே சின்ன மாற்றம் வந்தாலும் இவற்றுக்கு அடி விழும். அதே 24எச்2 வந்தபோது, ‘ஈஸி ஆன்டி-சீட்’டின் பழைய பதிப்பு இருந்த சில இன்டெல் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. ‘அசாசின்ஸ் கிரீட்’ வரிசையில் மூன்று விளையாட்டுகளும் வேறு சிலவும் உறைந்துபோனதால், அவை இருந்த கணினிகளுக்கு அந்த அப்டேட்டைக் கொடுப்பதையே மைக்ரோசாஃப்ட் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது.

ஆகவே அப்டேட்டைக் கழற்றுவதற்கு முன்னால், விழுந்தது எது என்று பார்த்துவிட வேண்டும். போன மாதம் அக்கா மகன் போன் செய்தான்.

“மாமா, நேத்து ராத்திரி அப்டேட் ஆச்சு. இப்ப கேம் லோகோ வருது, உடனே டெஸ்க்டாப்புக்கு வந்துடுது. மொத்தத்தையும் அழிச்சுட்டுத் திரும்ப இறக்கட்டுமா?”

“எத்தனை ஜிபி?”

“தொண்ணூறு.”

“இருடா, முதல்ல ஒண்ணு பார்ப்போம்.”

ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டச் சொன்னேன். நாள்வாரியாக ஒரு வரைபடம் திறந்தது. அன்றைய தேதியில் சிவப்புப் பெருக்கல் குறி. கீழே விளையாட்டின் பெயர். அதை இரட்டைக் கிளிக் செய்ததும் விவரம் வந்தது. அதில் ‘ஃபால்ட் மாட்யூல் நேம்’ என்ற வரியைப் படிக்கச் சொன்னேன். விழுந்தபோது எந்தக் கோப்பு ஓடிக்கொண்டிருந்தது என்பதை அந்த வரி சொல்லும். ‘என்வி’ என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா டிரைவர்; ‘ஏஎம்டி’ அல்லது ‘ஏடிஐ’ என்றால் ஏஎம்டி டிரைவர். ‘என்டிடிஎல்எல்’ என்று இருந்தால் அவசரப்பட்டு அதைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. அது விண்டோஸின் பொதுக் கோப்பு, யார் தடுக்கினாலும் அங்கே போய் விழலாம். அதற்குக் கீழே உள்ள பிழைக் குறியில் ‘சி’ எழுத்துக்குப் பின் ஆறு பூஜ்யமும் 5-ம் இருந்தால், தனக்கு உரிமையில்லாத நினைவகத்தை நிரல் தொட்டிருக்கிறது என்று பொருள். அவன் கணினியில் வந்தது விளையாட்டின் பெயரும் அல்ல, டிரைவரின் பெயரும் அல்ல. ஆட்டத்தைப் படம்பிடிக்க அவன் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன மென்பொருளின் கோப்பு. அதை மூடியதும் விளையாட்டு திறந்தது. 90 ஜிபி மிச்சம்.

டிரைவர்தான் என்று தெரிந்தால், என்விடியா, ஏஎம்டி என்று அந்த டிரைவரைத் தரும் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதை இறக்கி, ‘கிளீன் இன்ஸ்டால்’ தேர்ந்தெடுத்துப் போடுவது நல்லது. பெரிய அப்டேட்டின்போது விண்டோஸ் தன்னிடம் உள்ள வேறு பதிப்பை அந்த இடத்தில் போட்டிருக்கலாம். விளையாட்டின் கோப்பே விழுந்திருந்தால், விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ செயலியில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி கெட்டுப்போனதை மட்டும் திரும்ப இறக்கிக்கொள்ளும். எதையும் அழிப்பதற்கு முன் சேவ் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்ததெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

எதுவும் பலிக்கவில்லை என்றால் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். செட்டிங்ஸில் ரிகவரி பகுதியில் ‘கோ பேக்’ என்ற பொத்தான் இருக்கும். பெரிய பதிப்பு அப்டேட் போட்ட நாளிலிருந்து 10 நாள்தான் அதற்குக் கெடு. அதற்குள் ‘விண்டோஸ் டாட் ஓல்ட்’ என்ற ஃபோல்டரை, இடம் அடைக்கிறதே என்று அழித்துவிட்டால் அந்த வழியும் அடைந்துவிடும்.